சீசரின் இடது காது

கடிதம் ஒரு பக்கம்தான். "ரொட்வைலர் முதலான பயங்கர இன நாய்களை எமது கிராமத்தில் வளர்ப்பதைத் தடைசெய்யும் தீர்மானம்" என்று தலைப்பிட்டு, அடியில் மிருக வைத்தியர் கையொப்பமிட ஒரு புள்ளிக்கோடும் போட்டு அனுப்பியிருந்தான் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் சுதாகரன். கூட்டம் அன்று பின்னேரம் நான்கு மணிக்கு. தீர்மானம் நிறைவேறினால் ஒரு கிழமைக்குள் நாய் ஊரைவிட்டுப் போக வேண்டும்.

டொக்டர் சுலோஜனா அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அந்த ஊரில் ரொட்வைலர் என்று பேர் வாங்கிய நாய்கள் இரண்டு. ஒன்று ஹெக்டர் மாஸ்டரின் லூசி. பத்து வயது, பாதிப் பல் இல்லை, பகல் முழுக்க மெதடிஸ்த ஆலயத்து முற்றத்தில் நிழல் எங்கே போகிறதோ அங்கே தானும் நகர்ந்து படுக்கும். மற்றது வாவியில் இறால் பிடிக்கும் நல்லரத்தினத்தின் சீசர். சுதாகரனின் கையைக் கடித்தது சீசர். ரொட்வைலர் அல்லாததும் சீசர்தான்.

அது சுலோஜனாவுக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் விசர்நாய்த் தடுப்பூசி போட்டபோது, அட்டையில் 'இனம்' என்ற இடத்தில் "ரொட்வைலர் எண்டு எழுதுங்க டொக்டர்" என்று நல்லரத்தினம் கெஞ்சினான். கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, அவ்வளவுதான் ஒற்றுமை. அவள் "உள்ளூர்க் கலப்பு" என்று எழுதிக் கொடுத்தாள். அவன் அட்டையை ஒருவருக்கும் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டு, வலை காயப்போடும் கம்பத்தில் "கவனம்! ரொட்வைலர்" என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டான். அதற்குப் பிறகு அவனுடைய வலை ஒன்றும் களவு போகவில்லை.

மூன்று மணிக்கே ஸ்கூட்டரில் போய் இறங்கினாள். வாவிக் கரையில், பூவரசு மரத்தில் சீசர் கட்டப்பட்டிருந்தது. அவளைக் கண்டதும் வால் ஆடியது. ஆனால் தலை நேராக நிற்கவில்லை. ஏதோ மெல்லிய சத்தத்தை உற்றுக் கேட்பது போல இடது பக்கம் சரிந்திருந்தது.

"எத்தனை நாளா இப்பிடித் தலையச் சரிக்கிறான்?"

நல்லரத்தினம் மனைவியைப் பார்த்தான். சின்னத்தங்கம் நிலத்தைப் பார்த்தாள். "ரெண்டு கிழமை இருக்கும். செல்லம் கொஞ்சிறான் எண்டுதான் நினைச்சம்."

சுலோஜனா பன்டேஜ் துணியால் சீசரின் வாயை மெதுவாகக் கட்டினாள். கோபத்தால் கடித்தாலும் நோவால் கடித்தாலும் பல் ஒன்றுதான். சின்னத்தங்கம் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். காது மடலைத் தூக்கியதும் புளித்த மா மணம் வந்தது. உள்ளே சிவந்து வீங்கி, எண்ணெய் மின்னியது.

"என்ன ஊத்தினீங்க?"

"வேப்பெண்ணெயில உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சி ஆற வச்சு, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை..." சின்னத்தங்கத்தின் குரல் இறங்கியது. "போன் வீடியோவில ஒரு ஆள் சொன்னார் டொக்டர். முழுக்க முழுக்க இயற்கையாம். ஊசி மருந்து உடம்புக்குக் கூடாதாம்."

"நான் அப்பவே வேணாம் எண்டன்," என்றான் நல்லரத்தினம்.

"பொய் சொல்லாதீங்க கா! உள்ளி உரிச்சுத் தந்தது ஆர்?"

சுலோஜனாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சுள்ளியை எடுத்து மணலில் 'ட' என்று எழுதினாள்.

"இதுதான் நாயிட காது. எங்கட காது நேரா உள்ளுக்குப் போகும். இவனுக்கு முதல்ல கீழ இறங்கி, மறுகா மடங்கிப் போகும். மேலால ஊத்தினது இந்த மூலையில தேங்கி நிக்கும், வெளியில வர வழியில்லை. இவன் ஒவ்வொரு நாளும் தோணியால குதிச்சு நீந்துறவன். தண்ணி போகும், அதுக்கு மேல எண்ணெய் மூடும். ஈரமும் சூடும் இருட்டும். பூஞ்சணத்துக்கு இதவிட நல்ல வீடு கட்டிக் குடுக்க ஏலாது."

சின்னத்தங்கம் அந்த 'ட'வையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான்தானா எண்ட புள்ளைக்கு..."

"அன்பாத்தானே செஞ்சீங்க. இயற்கை எண்டு ஒண்டச் சொன்னா, ஆருட இயற்கை எண்டு ஒருக்காக் கேளுங்க. உள்ளி எங்களுக்கு மருந்து. நாயிட வயித்துக்குள்ள போனா ரத்தத்தைக் கெடுக்கும், இவன் தலைய உதறி உதறி அதை நக்கியும் இருப்பான். வேப்பிலை அவிச்ச தண்ணியில குளிப்பாட்டுங்க, முள்ளெடுத்த மீனும் சோறும் குடுங்க, கரையில ஓட விடுங்க. அதெல்லாம் எனக்குச் சந்தோசம். நீந்தி வந்தா மட்டும் காதைத் துடைச்சுக் காய வைங்க."

காதைக் கழுவித் துடைத்து மருந்து விட்டபோது சீசர் முனகியது. பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டது.

நான்கு மணிக்கு, ஊர்ப் பொது மண்டபமான பல்தேவைக் கட்டடத்தில் நாற்பது பேரளவில் இருந்தார்கள். முன் மேசையில் சுதாகரன், வலது கை கட்டுடன். அவனுடைய கடை தோணித்துறைக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஆறு மாதமாக ஒவ்வொரு காலையும் சீசருக்கு முதலை வடிவில் சுட்ட இனிப்பு ரொட்டியான கிம்புலா பனிஸ் ஒன்று கொடுத்தவன் அவன். எழுந்து பேசத் தொடங்கியபோது குரலில் கோபத்தைவிட வேறொன்று கூட இருந்தது.

"ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கொண்டு வாறன். அது பரவாயில்லை. என்னையே கடிக்கிறவன் நாளைக்குச் சின்னப் புள்ளையளக் கடிக்க மாட்டானா? அந்தச் சாதி நாயிட ரத்தமே அப்பிடி. வெளிநாடுகளிலயும் தடை செஞ்சிரிக்காங்க."

அப்போது நல்லரத்தினம் பின் வரிசையில் எழுந்தான். சேர்ட் பையிலிருந்து மடிப்பு மடிப்பான தடுப்பூசி அட்டையை எடுத்தான்.

"தலைவர், எண்ட நாய் ரொட்வைலர் இல்ல. வலைக் கள்ளனுக்குப் பயங்காட்டத்தான் அப்பிடிச் சொன்ன நான். டொக்டர்ட கையெழுத்து இரிக்கு. உள்ளூர்க் கலப்பு!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. "இவ்வளவு நாளும் நாட்டு நாய்க்கா கா வணக்கம் வச்ச நாங்க!" என்றாள் ஒருத்தி. நல்லரத்தினத்தின் காது சிவந்தது. ஆனாலும் முகத்தில் நிம்மதி. தடை ரொட்வைலருக்கு, சீசர் ரொட்வைலர் இல்லை, கதை முடிந்தது. எல்லாரும் டொக்டரைப் பார்த்தார்கள். "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

சுலோஜனா மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அங்கே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஹெக்டர் மாஸ்டர் தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். இனி அந்தத் தீர்மானம் பிடிக்க ஊரில் மிஞ்சுவது லூசி ஒன்றுதான்.

அவள் எழுந்தாள்.

"அட்டையில உள்ளது உண்மை. ஆனா அதுக்காக நான் இதில கையெழுத்து வைக்க மாட்டன். கடிச்சது உள்ளூர் நாய், துரத்தப் போறது ஒருத்தரையும் கடிக்காத லூசிய. இதில என்ன நியாயம்? பெரிய நாய் கடிச்சாக் காயம் பெரிசு, அது மெய். அதனால வளர்க்கிறவருக்குப் பொறுப்பும் கூட. ஆனா கடிக்குமா கடிக்காதா எண்டதை நிறமோ பேரோ சொல்லாது. வளர்த்த விதம் சொல்லும், கட்டிப்போட்ட விதம் சொல்லும், அண்டைக்கு அதுக்கு எங்க நோகுது எண்டது சொல்லும்."

நல்லரத்தினம் வாயைப் பிளந்து நின்றான். கரை சேர்ந்த தோணியை டொக்டரே திரும்பத் தண்ணிக்குள் தள்ளிவிட்டது போலிருந்தது அவனுக்கு.

"அப்ப பேர விடுவம்," என்றான் சுதாகரன். "கடிச்ச நாய் கடிச்ச நாய்தானே? அதுக்கு என்ன சொல்றீங்க?"

"நீங்கதான் சொல்லணும் தம்பி. அண்டைக்கு எப்பிடித் தொட்டீங்க?"

"எண்டைக்கும் போலத்தான்." சுதாகரன் இரண்டு கைகளையும் காற்றில் நீட்டி, ஒரு பெரிய தலையின் இரு காதுகளையும் பிடித்து ஆட்டுவதுபோல ஆட்டிக் காட்டினான். அப்படி ஆட்டும்போது அவனை அறியாமலே முகம் மலர்ந்தது. "இப்பிடிப் பிடிச்சு, 'என்ன மாப்பிள்ளை' எண்டு கேப்பன். அவனுக்கு அது விருப்பம்."

"பனிஸ் தின்ன முதலா, பிறகா?"

"முதல்தான். அண்டைக்கு அவன் கொஞ்சம் பின்னால போனான். நான் விடாமப் பிடிச்சன்."

"பின்னால போனது அவன் சொன்ன முதல் சொல்லு. உறுமினானா?"

"ஒழுப்பம், கொஞ்சமா உறுமினான். விளையாட்டு எண்டு நினைச்சன்."

"அது ரெண்டாவது. மூண்டாவதுதான் பல்லு. அவன்ட இடது காதுக்குள்ள ரெண்டு கிழமையாப் பூஞ்சணப் புண், தம்பி. இப்பதான் கழுவிப்போட்டு வாறன்."

சுதாகரன் தன் கைக்கட்டைப் பார்த்தான். பிறகு, கூட்டத்தில் பேசும் குரலை விட்டுவிட்டுக் கேட்டான்.

"அப்ப நான் பிடிக்கக்குள்ள அவனுக்கு நொந்திரிக்குமா?"

"நல்லா நொந்திரிக்கும்."

அவன் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். தீர்மானத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். சங்கச் செயலாளர்தான் எழுந்து, கடித்த நாயை எப்படியும் பதினான்கு நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும், விசர் இல்லை என்று தெரிந்த பிறகு மிச்சத்தைப் பேசுவோம் என்று சொன்னார். அதுவரை சுதாகரன் தன் ஊசிகளைத் தவறவிடக் கூடாது என்று சுலோஜனா கண்டிப்பாகச் சொன்னாள். வாசலில் ஹெக்டர் மாஸ்டர் தொப்பியைத் தொட்டு, "தேங்க் யூ, பிள்ளை," என்றார். லூசியின் பேரைச் சொல்லவில்லை.

பதினான்காம் நாள் காலை அவள் போனபோது, வலைக் கம்பத்தில் பலகை மாறியிருந்தது. சின்னத்தங்கத்தின் சாய்ந்த எழுத்தில் "கவனம்! காது நோகும். கேட்டுத் தொடவும்" என்றிருந்தது.

"இதப் பாத்து எந்தக் கள்ளன் டொக்டர் பயப்பிடுவான்?" என்று அலுத்துக்கொண்டான் நல்லரத்தினம்.

சீசர் சோறு தின்றது, தண்ணீர் குடித்தது, தலை நேராக நின்றது. காதுக்குள் எண்ணெயும் இல்லை, மணமும் இல்லை. விசரின் அறிகுறி ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டாள். அந்தத் தாளை வாங்க வந்து, வேலிக்கு அப்பால் நின்றான் சுதாகரன். கட்டு அவிழ்ந்த கையில் கிம்புலா பனிஸ் ஒன்று.

"தீர்மானம்?" என்று கேட்டாள்.

"கிழிச்சுப்போட்டன். ஊர் நாயெல்லாத்துக்கும் ஊசி போட ஒரு நாள் தாங்க. அதைத்தான் புதுசா எழுதியிரிக்கம்." பிறகு தயங்கினான். "இத இவனுக்குக் குடுக்கலாமா?"

"மேல சீனி. ஒரு துண்டு மட்டும்."

அவன் வேலிக்குள் வந்து குந்தினான். சீசர் ஓடவில்லை; மெதுவாக வந்து, துண்டைத் தின்று, அவன் முழங்காலில் தலையை முட்டியது. பழக்கத்தில் அவன் இரண்டு கைகளும் காதுகளை நோக்கிப் போயின. பாதி வழியில் நின்றன. ஒரு கை கீழே இறங்கி, அதன் விலாவோரத்தைச் சொறிந்தது.

உடனே சீசரின் பின்னங்கால் தானாகவே காற்றில் உதைக்கத் தொடங்கியது. அந்த உதைப்புக்கு மூளையின் அனுமதி தேவையில்லை. தோலிலிருந்து முதுகுத் தண்டுக்குப் போன செய்தி அங்கிருந்தே காலுக்குத் திரும்பிவிடும். சுலோஜனா அதைச் சொல்ல வாயெடுத்தாள். சுதாகரன் அதற்குள், "என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டான். அவள் சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.