முழுப் புட்டி விளக்கெண்ணெய்

“இழுக்காதே, வலிக்குது.”

“இழுக்கலையே. சும்மா பிடிச்சிருக்கேன்.”

“எவ்வளவு பிரிஞ்சிருக்கு?”

“நுனியில கொஞ்சம்” என்றாள் அக்கா.

நுனியில் ஒன்றும் பிரியவில்லை. ஜன்னலோரம் முக்காலியில் தங்கை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். காலையில் இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்த கூந்தல் இப்போது பின்னந்தலையில் இரண்டு கைமுட்டி அளவுக்குச் சுருண்டு, கட்டையாக நின்றது. சீப்பில் மூன்று பல் ஏற்கெனவே போய்விட்டது.

தங்கையை வீட்டில் சுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் பண்ணி, அதையும் முறித்துக்கொண்டு, முப்பது வயதாகியும் அவள் சுண்டுதான். பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், வந்த அன்றே குளியலறை வடிகாலை அடைத்தாள். கை வைத்தால் முடி கையோடு வருகிறது, வக்கீலுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்ததே இது ஒன்றுதான், இதுவும் கிளம்பிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே ஒரு புட்டி விளக்கெண்ணெய் வாங்கி வந்தாள்.

அவர்கள் அம்மா ஒரு கரண்டி விளக்கெண்ணெய்க்கு நாலு கரண்டி தேங்காயெண்ணெய் கலந்துதான் தலையில் வைப்பாள். பாலில் தண்ணீர் கலக்கிற கை, எண்ணெயை மட்டும் சும்மா விடுமா என்று அக்காவும் தங்கையும் கேலி செய்வார்கள். அந்தக் கஞ்சத்தனத்தை நான் செய்ய மாட்டேன் என்று அக்கா முழுப் புட்டியையும் அப்படியே கவிழ்த்தாள். தேனைப் போல் இறங்கியது. முடியை எல்லாம் உச்சியில் அள்ளிக் குவித்து, சூடான துண்டைச் சுற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டாள்.

தலையைச் சுண்டு அவளாகவே கொடுத்ததுதான் அக்காவுக்குப் பெரிதாக இருந்தது. அம்மா இறந்த வருஷம் சுண்டுவுக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினெட்டு. காலை ஷிஃப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் ரெட்டைப் பின்னல் போட முடியாமல், ஒரு நாள் சமையலறைக் கத்தரிக்கோலால் இரண்டையும் கத்தரித்துவிட்டாள். சுண்டு அழவில்லை. பின்னல்களைச் செய்தித்தாளில் சுற்றித் தன் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தத் தலையை அக்கா தொட்டதில்லை. இருபத்தோரு வருஷம் கழித்து இன்றைக்குத்தான், “போட்டு விடுறியாக்கா?” என்று கேட்டாள்.

அலசும்போது எண்ணெய் லேசில் போகவில்லை. அக்கா தண்ணீரை இன்னும் சூடாக்கினாள். ஷாம்பு போட்டாள், மறுபடி போட்டாள். குவித்த முடியை இரண்டு உள்ளங்கையாலும் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். அது அவள் கைக்குப் பழகிய வேலை. ஃபெல்ட் பட்டறையில் இத்தனை வருஷமாக அதைத்தான் செய்கிறாள். ஆட்டு ரோமத்தை அடுக்கி, சுடுதண்ணீரும் சோப்பும் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தால், நெய்யாமல் தைக்காமல் ரோமம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து துணியாகிவிடும். ‘பிடிச்சுக்கிச்சு’ என்பார்கள். அந்த நேரத்தைத் தவறவிடாமல் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பதம் பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு விரலால் கிள்ளித் தூக்க வேண்டும். இழை தனியாக வந்தால் இன்னும் ஆகவில்லை. மொத்தமும் எழும்பினால் ஆகிவிட்டது.

குளியலறையில் அவளை அறியாமலே அவள் விரல்கள் கிள்ளித் தூக்கின. மொத்தமும் எழும்பியது. கூடவே சுண்டுவின் தலையும் எழும்பியது.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்லை. கொஞ்சம் சிக்கு. பிரிஞ்சிடும்.”

எந்த வாய் அப்படிச் சொன்னது என்று அக்காவுக்கு இப்போதும் புரியவில்லை. புதிதாகப் பட்டறைக்கு வருகிற பெண்கள், பிடித்ததை மறுபடி பிரிக்கலாமா என்று கேட்பார்கள். முதலில் வயிறு குலுங்கச் சிரிப்பவள் அவள்தான். பிடித்தால் பிடித்ததுதான். அதற்குப் பிறகு வெட்டத்தான் முடியும்.

ஆனாலும் அவள் பிரித்தாள். தேங்காயெண்ணெய் விட்டாள், கண்டிஷனர் விட்டாள், ஊசி முனையால் நெம்பினாள். அம்மாவின் கை கஞ்சக் கை அல்ல, கணக்குத் தெரிந்த கை என்பது இப்போது உறைத்து என்ன பயன்? சுண்டு இடையிடையே பேசிக்கொண்டிருந்தாள். கடையில் ஒரு கிழவர் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடி தொலைந்துவிட்டது என்று சண்டை பிடித்த கதையைச் சொன்னாள். பிறகு பேச்சு குறைந்தது. நாலு மணி நேரத்தில் தரையில் விழுந்தவை எல்லாம் அறுந்த முடிகள்தான். அவற்றைச் சுண்டு பார்க்காதபடி அக்கா காலால் ஒதுக்கினாள்.

வெயில் எதிர்ச் சுவரின் பாதிக்கு ஏறியிருந்தது. இனியும் மறைப்பது பாவம் என்று அக்காவுக்குப் பட்டது. அப்போதே சொல்லியிருந்தால் விபத்து என்று இருந்திருக்கும். இந்த நாலு மணி நேரமும் பொய்யாகிவிட்டது. சீப்பைக் கீழே வைத்தாள். முன்பக்கம் போய் முழங்காலிட்டு, தங்கையின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முன்பக்கம் வந்தவளின் கைகளைச் சுண்டு பிடித்துக்கொண்டாள். எண்ணெயில் ஊறி, முடி அறுத்துச் சிவந்திருந்த விரல்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

“பாவம், கையெல்லாம் என்ன ஆயிடுச்சு பாரு. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ ஒரு நாள்கூட நீ எனக்குன்னு இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லைக்கா.”

அக்கா வாயைத் திறந்தாள்.

“நாளைக்கு மட்டும் வேலைக்குப் போகாம இரேன்” என்றாள் சுண்டு. “ரெண்டு பேருமா உட்கார்ந்து, மெதுவா, மிச்சத்தையும் பிரிச்சுடலாம்.”