சுவர்ப் பக்கம் ஓடிய தண்ணீர்

பன்னிரண்டு வருடமாக அந்த நான்கு மாடிக் கட்டிடத்தைத் துடைத்துவருகிறவள் அவள். முன்பெல்லாம் வாசல் குழிக்கு ஓடிய தண்ணீர் பத்து நாளாகச் சுவர்ப் பக்கம் ஓடுகிறது. கீழ்த்தளத்தில் தங்கை வீட்டுக் கதவு தரையை உரசுகிறது. சுவரில் விழுந்த விரிசலைப் பார்க்க வந்த இன்ஜினியரிடம் இதைத்தான் சொன்னாள்.

“மேல்பூச்சு வெடிச்சிருக்கு, அவ்வளவுதான்” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“அப்ப தண்ணி ஏன் சார் அந்தப் பக்கம் போகுது?”

“நான் முப்பது கட்டிடம் கட்டியிருக்கேம்மா. நீங்க எத்தனை?”

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. வாளியை அவர் எதிரிலேயே கவிழ்த்தாள். தண்ணீர் அவர் ஷூவை நனைத்துக்கொண்டு நேராகச் சுவரடிக்குப் போனது.

“தரை போட்டவன் சரியாப் போடலை. கட்டிடம் நல்லாருக்குன்னு எழுதித் தரப்போறேன்.”

அவர் எழுதிவிட்டால் பதினாறு குடும்பமும் இங்கேயே படுக்கும். தங்கையின் கைக்குழந்தையும்தான்.

“சும்மா இரு அக்கா, படிச்சவருக்குத் தெரியாததா? நீங்க உள்ள உக்காந்து எழுதுங்க சார்” என்றாள் தங்கை. தங்கை கைக்குழந்தையோடு தன் வீட்டுக்குள் போனாள். அவரும் பின்னாலேயே போய், அக்காவின் மூக்கில் இடிக்கிற மாதிரி கதவை அறைந்து சாத்தினார்.

ஐந்து நிமிடத்தில் உள்ளிருந்து தடதடவென்று சத்தம்.

“திறக்க மாட்டேங்குது!”

“கைப்பிடியத் தூக்கி இழுக்கணும் சார். மெதுவா.”

“எனக்குத் தெரியும். ஈரத்துல கதவு உப்பியிருக்கு.”

“இரும்புக் கதவு சார் அது! இரும்பு எந்த ஊர்ல உப்பும்?”

பதிலுக்கு ஒரு முரட்டு இழுப்பு. கைப்பிடி பிடுங்கிக்கொண்டு தரையில் விழுந்தது. நிலைக்கு மேலே சுவர் படக்கென்று பிளந்தது. குழந்தை வீறிட்டது.

“அக்கா!”

மாடியிலிருந்து இரண்டு பேர் கடப்பாரையோடு ஓடிவந்தார்கள்.

“பக்கவாட்டுல நெம்பாதீங்க, நிலை சாஞ்சிரும்! அடியில குடுத்துத் தூக்குங்க!” என்று அவள் கத்தினாள்.

நாலாவது தூக்கலில் கதவு வழிவிட்டது. குழந்தையை அணைத்துக்கொண்டு வெளியே வந்த தங்கையின் முதுகில் அக்கா ஓர் அறை வைத்துத் தெருவுக்குத் தள்ளினாள்.

இன்ஜினியர் தலையெல்லாம் சுண்ணாம்புப் பொடியோடு வந்து படிக்கட்டை மறித்து நின்றார். “பதறாதீங்க. நிபுணர் குழுவைக் கூப்பிட்டு, முறைப்படி…”

“கூப்பிடு. தெருவுல நின்னு கூப்பிடு.” அவள் பேச்சில் ‘சார்’ போயிருந்தது. “வழிய விடு. மூணாவது மாடிப் பெரியவருக்குக் காது கேக்காது.”