கோட்டு சாருக்கு ஒரு காபி

எங்கள் கம்பெனியின் இயக்குநர் குழுவில் மூன்று பேர். தலைவர் நாச்சிமுத்து, அவருடைய மச்சினன் தங்கமுத்து, மூன்றாவது ஒரு கோட்டு.

சாம்பல் நிறக் கோட்டு. இடது பையின் ஓரத்தில் கொஞ்சம் நூல் பிரிந்திருக்கும். பல வருடங்களுக்கு முன்பு சோமசுந்தரம் என்ற இயக்குநர் ஒரு கூட்டத்தின் நடுவில் அதைக் கழற்றித் தன் நாற்காலியில் மாட்டிவிட்டு, "இதோ வந்துட்டேன்" என்று வெளியே போனார். இப்போது ஆஸ்திரேலியாவில் இருப்பதாகச் சொல்கிறார்கள். கோட்டு எழுந்து போகவில்லை. அடுத்த கூட்டத்திலும் இருந்தது. சுழற்சி முறையில் இயக்குநர் ஒருவர் ஓய்வு பெற வேண்டிய வருடம் வந்தபோது கோட்டு ஓய்வு பெற்றது. மறுநியமனத்துக்குத் தகுதி இருந்ததால் பங்குதாரர்கள் கைதூக்கி அதையே மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள்.

கோயம்புத்தூரில் தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி இது. இயக்குநர் கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். கூட்டம் வைக்கும் நாளிலெல்லாம் தங்கமுத்து ஏதாவது ஒரு கும்பாபிஷேகத்தில் இருப்பார். ஆகவே தலைவரும் கோட்டும்தான் கூட்டம். கோட்டு ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

நான் அங்கே கம்பெனி செக்ரட்டரி பயிற்சிக்குச் சேர்ந்தேன். கம்பெனி செக்ரட்டரி என்றால் முதலாளி சொல்லச் சொல்லக் கடிதம் அடிக்கிறவள் என்று என் சித்தப்பா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பது, கூட்டங்களைக் கூட்டுவது, அங்கே நடந்ததைக் குறிப்பாக எழுதுவது, அதை அரசாங்கத்துக்கு நேரத்தில் தெரிவிப்பது, இவைதான் அந்த வேலை. வரிச் சட்டத் தாளில் மட்டும் பலமுறை தோற்றேன். பிறகு அதிலும் தேறினேன். பயிற்சியும் முடிந்தது.

போர்டு ரூமில் நான்கு நாற்காலிகள். நாலாவது செக்ரட்டரியுடையது. முன்பிருந்தவர் வேறு கம்பெனிக்குப் போனதிலிருந்து அது காலியாக இருந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் போர்டு ரூமில் உட்காரக் கூடாது. அவருடைய வேலை முழுவதையும் நான்தான் செய்தேன், மூலையில் நின்றபடி, சுவரில் நோட்டை வைத்து எழுதி. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அந்தக் கம்பெனியிடம் வேறெதுவும் நான் கேட்கவில்லை. கேட்கவும் வராது. என் குரல் ஒரு மேசையைத் தாண்டியதில்லை.

நியமனம் விவாதிக்கப்பட்ட அன்று கேன்டீன் ரோஸ்லின் அக்கா வழக்கம்போல இரண்டு காபி கொண்டுவந்தார். ஒன்றைத் தலைவர் முன்னாலும் ஒன்றைக் கோட்டின் முன்னாலும் வைத்தார். "உனக்குக் கீழ வந்தா தர்றேன் கண்ணு. மேல ரெண்டு டம்ளருக்குத்தான் உத்தரவு" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

"அடுத்து என்ன, புள்ள?" என்றார் தலைவர்.

"செக்ரட்டரி நியமனம் சார்."

"யாரப் போடறோம்?"

"மங்கையர்க்கரசி சார்."

"அது யாரு?"

"நான்தான் சார்."

"என்ன சொல்ற? கேக்கலீயே."

"நான்தான் சார்."

தலைவர் கோட்டைப் பார்த்தார். "நீங்க என்ன நெனைக்கறீங்க?" மின்விசிறிக் காற்றில் கோட்டின் வலது கை சரிந்தது. "அவருக்கு இதுல இஷ்டமில்ல போலிருக்குது" என்றார். "புள்ள நல்ல புள்ளதானுங்க. ஆனா நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு போயிரும். பேரும் நீளம், லெட்டர்பேடுல எடம் பத்தாது. பேசறதும் காதுல உழுகறதில்ல." அவர் பார்வை கோட்டைத் தாங்கியிருந்த மர ஹேங்கரில் நின்றது. "இந்த ஹேங்கரப் பாருங்க. வந்த நாள்லிருந்து உங்கள எப்படித் தாங்குது! ஒரு நாள் லீவு கேட்டிருக்குமா? இதையே போட்டரலாமுங்களா?"

கோட்டு மறுக்கவில்லை.

"சார், செக்ரட்டரி தேர்வுல தேறியிருக்கணும்" என்றேன்.

"எல்லாம் சோதிச்சுத்தான் வாங்கினோம் புள்ள. தேக்கு."

தலைவரே கோட்டை எடுத்து நாற்காலியின் முதுகில் போர்த்தினார். ஹேங்கரை நாலாவது நாற்காலியில் உட்காரவைத்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று நான் நின்றபடி எழுதினேன்.

அதன்பிறகு நடந்த கூட்டங்களிலும் அப்படித்தான். ஹேங்கர் உட்கார்ந்திருக்கும், நான் எழுதுவேன். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். கணக்குப் பிரிவில் எல்லோரும் அதற்குக் காலை வணக்கம் சொன்னார்கள். கூட்டத்துக்கு முன்னால் கோட்டை இஸ்திரி போடும் வேலையும் எனக்கு வந்தது, இப்போது அதைத் தாங்க ஹேங்கர் இல்லை என்பதால்.

"மூஞ்சி ஏன்டி அடுப்பாட்டம் இருக்குது?" என்று கேட்டார் ரோஸ்லின் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாட்டி சிரிச்சிருப்ப. சோகம்னா அழுதிருப்ப. இது கோவம். போய்க் கத்திட்டு வா."

"கத்த வராதுக்கா."

"அப்ப எழுது."

"அதைத்தானே நின்னு நின்னு எழுதிக்கிட்டிருக்கேன்."

என் கோபம் காலில் இருந்தது. நின்றுகொண்டே இருந்ததால் அங்கேதான் இறங்கித் தேங்கியிருக்க வேண்டும். இரவில் படுத்தால் முழங்காலுக்குக் கீழே சூடாக இருக்கும். அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். அது தைலத்துக்குப் போகிற சூடில்லை.

அடுத்த கூட்டத்தன்று இஸ்திரி போட்ட கோட்டோடு போர்டு ரூமுக்குள் போனேன். தலைவர் இன்னும் வரவில்லை. கோட்டு வெதுவெதுப்பாக இருந்தது. போட்டுக்கொண்டேன். தோள் கொஞ்சம் பெரிது. கோட்டின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தலைவர் வந்தார். "வணக்கமுங்க. இன்னிக்கு நல்லா நிமுந்து உக்காந்திருக்கீங்க" என்றார். ரோஸ்லின் அக்கா காபியை என் முன்னால் வைத்தார். குடித்தேன்.

"சூடு பத்துதுங்களா?" என்று தலைவர் கேட்டார். இத்தனை காலத்தில் என் சௌகரியத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"பத்தல" என்றேன். சத்தம் ஜன்னல் வரைக்கும் போனது. "நாச்சிமுத்து!"

"சொல்லுங்க."

"ஒருத்தி படிச்சு, தேறி, இந்தக் கம்பெனிக்கு ஒரு அபராதம் வராமப் பாத்துக்கிறா. அவ சுவத்துல நோட்ட வெச்சு எழுதறா. ஒரு மரக்கட்ட சேர்ல உக்காந்திருக்குது. வெக்கமா இல்ல? அவ பேரு நீளமா? உங்க மோட்டாருக்கு வெச்சிருக்கிற பேர ஒரு மூச்சுல சொல்லுங்க பாக்கலாம். கல்யாணம் ஆகிப் போயிருவாளா? சோமசுந்தரம் என்ன, கல்யாணம் ஆகியா போனாரு?"

காலிலிருந்த சூடு இடுப்புக்கு ஏறி, கோட்டின் கைகள் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. மேசையைத் தட்டினேன். காபி டம்ளர் குதித்தது.

தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். "நியாயந்தானுங்க" என்றார். "இத இத்தன நாளா யாருமே எங்கிட்டச் சொல்லலியே."

அவர் உண்மையாகத்தான் சொன்னார். அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"ஹேங்கர எடுத்துட்டு மங்கையர்க்கரசியைச் செக்ரட்டரியாப் போடணும்" என்றேன்.

"போட்டர்லாமுங்க. எழுதிக்க புள்ள" என்று அவர் மூலையைப் பார்த்தார். மூலையில் யாருமில்லை. "எங்க போச்சு அந்தப் புள்ள? பாருங்க, இதுக்குத்தானுங்க நான் அன்னிக்கே சொன்னேன்."

நான் கோட்டைக் கழற்றினால் எழுத ஆள் கிடைக்கும். ஆனால் கோட்டு மறுபடி நாற்காலியில் சரிந்துவிடும், மனசு மாறிவிட்டார் என்பார் தலைவர். கழற்றாவிட்டால் தீர்மானம் எழுதப்படாது. எழுதப்படாத தீர்மானத்தை வைத்து ஒரு நாற்காலியில் உட்கார முடியாது. இது நான் முதல் தேர்வுக்கே படித்தது.

"செக்ரட்டரி எழுதட்டும்" என்றேன்.

"ஆமா, அதோட வேலைதானே" என்றார் தலைவர்.

ஹேங்கர் முன்னால் குனிந்தது. கொக்கியில் பேனாவை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தது. தன்னுடைய நீக்கத்தை ஒரு பத்தியிலும் என் நியமனத்தை இன்னொரு பத்தியிலும் எழுதியது. அடித்தல் திருத்தல் இல்லை. சட்டப் பிரிவின் எண்ணைக்கூடச் சரியாகப் போட்டிருந்தது. என் கையெழுத்தைவிட அழகு. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அது இத்தனை கூட்டமாக என்னை எழுதவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

தலைவர் கையெழுத்துப் போட்டார். நான் கோட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு போனேன். ஹேங்கர் இறங்கி வழிவிட்டது.

"வந்துட்டியா புள்ள? எங்க போயிருந்த?" என்றார் தலைவர். "சரி, உக்காரு."

உட்கார்ந்தேன். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அசைந்தால் டக்கென்று சத்தம் வந்தது.

எதிரே கோட்டு சரியவில்லை. நான் உட்கார்ந்திருந்த வடிவத்திலேயே நிமிர்ந்து இருந்தது. கை மேசையைத் தட்டியது. விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தது, என் குரலில். தலைவரைத் திட்டியது, கும்பாபிஷேகத்தில் இருக்கும் தங்கமுத்துவைத் திட்டியது, லெட்டர்பேடு அச்சடித்தவரைத் திட்டியது, நடுவில் வாயைத் திறந்து கேட்காமல் இருந்ததற்காக என்னையும் திட்டியது. தலைவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் பேனாவைத் திறந்து, அதற்குரிய நடையில் எழுதினேன்: இயக்குநர் தமது அதிருப்தியைத் தெரிவித்தார். குழு அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது.

மூலையில் ஹேங்கர் நின்றுகொண்டிருந்தது. சுவரில் நோட்டை வைத்திருந்தது.

"கோட்டு சாருக்குத் தொண்ட காஞ்சிருக்கும்" என்றார் தலைவர், மூலையைப் பார்த்து. "இன்னொரு காபி சொல்லுங்க."

ஹேங்கர் கதவை நோக்கிப் போனது.

"எனக்கும் ஒண்ணு" என்று அதனிடம் சொன்னேன். "சர்க்கரை வேண்டாம்."