டோரதியின் கடைசி வரிகள்

2004இல் தாம்பரத்தில் ஒரு டேட்டா என்ட்ரி கம்பெனியில் சித்திகா வேலை பார்த்தாள். போரில் இறந்த மரீன் படைவீரர்களின் நினைவாக அமெரிக்காவில் சிலர் ஒரு இணையதளம் நடத்திவந்தார்கள். குடும்பத்தார் கையால் எழுதி அனுப்பும் நினைவுகள் ஸ்கேன் ஆகி இங்கே வரும். சித்திகாவும் மற்றப் பெண்களும் டைப் அடித்து அனுப்புவார்கள். கையெழுத்து புரியாவிட்டால் ‘படிக்க இயலவில்லை’ என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை டோரதி என்ற மூதாட்டியின் பக்கம் வந்தது. அவருடைய தம்பி வால்டர் 1943இல், பத்தொன்பது வயதில், பசிபிக் தீவு ஒன்றில் கரையிறங்கும்போது இறந்துபோனவன். சாப்பாட்டு மேசையில் முதல் ஆளாக உட்காருவான், வீட்டு நாய்க்கு அவனே முடி வெட்டிவிடுவான் என்றெல்லாம் எழுதியிருந்தார். கடைசி வரிகளில் மட்டும் கை நடுங்கி, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. பெரிதாக்கிப் பார்த்தால் படித்திருக்கலாம். சித்திகாவுக்குப் பொழிச்சலூர் ஷேர் ஆட்டோவில் இடம் பிடிக்கும் அவசரம். ‘படிக்க இயலவில்லை’ என்று போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

அடுத்த மாதம் சூப்பர்வைசர் அருண்ராஜ் அவளைக் கூப்பிட்டான். கடைசி வரிகளைக் காணோம், அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன் என்று டோரதி எழுதிக் கேட்டிருக்கிறாராம். அவன் கோபிக்கவில்லை. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னான்.

சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

‘வால்டருக்கு நீந்தத் தெரியாது. பயிற்சியில் எப்படியோ சமாளித்துவிட்டான். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். நான் சொல்லவில்லை. படகு பவளப்பாறையில் தட்டி நின்றதால் ஆழத்தில் இறங்க வேண்டியதாயிற்று. அவன் உடம்பில் ஒரு குண்டுகூடப் படவில்லை.’

சித்திகா அதை அப்படியே அடித்து அனுப்பினாள்.

டோரதியின் மகளிடமிருந்து நன்றி வந்தது. திருத்தம் வருவதற்குள் அம்மா இறந்துவிட்டாராம். வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று தினமும் காலையில் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

“நீங்க என்னக்கா பண்ணுவீங்க? வயசானவங்க, எப்படியும் போயிருப்பாங்க” என்றான் அருண்ராஜ்.

“பார்த்துட்டுப் போயிருப்பாங்கல்ல.”



வீட்டில் கணவன் ஃபயாஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டான். “மனசு கேக்கலன்னா துஆ பண்ணு. அந்தப் பையனுக்கும் பண்ணு, அந்தம்மாவுக்கும் பண்ணு” என்றான். தொழுகை முடிந்து கையேந்தினாள். வால்டரின் பெயரைச் சொல்ல முடிந்தது. டோரதியின் பெயரைச் சொல்லாமலே கையை இறக்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு எந்த வரியையும் அவள் விடவில்லை. ஒரே பக்கத்தோடு மல்லுக்கட்டுவாள். அன்றைய டார்கெட் பாதியில் நிற்கும். கொஞ்ச நாள் அருண்ராஜ் சமாளித்தான். பிறகு அவளை ஆஸ்பத்திரி பில் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எல்லாம் அச்செழுத்து. அதையும் அவள் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அடித்தாள்.