மூன்றாம் வரிசையில் தையலக்கா

வருஷக் கடைசி ஆராதனையில், அந்த வருஷம் இறந்துபோன சபையாரின் பெயர்களை வாசிப்பது போதகரின் வேலை. ஏழு பெயர்தான். மனுஷன் எட்டு வாசித்துவிட்டார். அவருடைய நோட்டில் இடது பக்கம் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டிய நோயாளிகள், வலது பக்கம் இறந்தவர்கள். இருபது வருஷமாக இப்படித்தான் எழுதுகிறார், ஒருநாளும் பிசகியதில்லை. அன்று கண் இடப்பக்கம் தாவிவிட்டது. எட்டாவது பெயர், பாடகர் குழுவுக்கு அங்கி தைக்கும் தையலக்காவுடையது. முழங்கால் வலி, அவ்வளவுதான் அவளுக்கு. மூன்றாம் வரிசையில் இருந்தவள், சபையோடு தானும் எழுந்து நின்று தனக்கே மௌன அஞ்சலி செலுத்தினாள், மகராசி.

நோட்டை மூடும்போதுதான் போதகருக்குப் பிழை தெரிந்தது. அடுத்த வாரம் அறிவிப்பில் திருத்தம் சொல்லிவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை கமிட்டியில் பேச்சை எடுத்தார். சபைச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார்.

"நீங்கதானேய்யா அடக்கம் பண்ணுனீங்க. மழையில நின்னு அவ்வளவு நேரம் பேசுனீங்களே."

செயலாளர் விளையாட்டுக்குக்கூடச் சிரிக்காத ஆள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டால், காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலைகூட நிமிரவில்லை. அடக்கத்தன்று அழுது அழுது தனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதைச் சொன்னாள்.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். சந்து முனையிலேயே தையல் மிஷின் சத்தம் கேட்டது, அப்பாடா என்றிருந்தது. தையலக்கா முக்காலியை இழுத்துப் போட்டாள். தைக்கக் கொடுத்தவர்கள் யாரும் வாங்க வரவில்லையாம். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டே கேட்பதில்லையாம், அது ஒன்றுதான் லாபம் என்று சிரித்தாள். தினமும் போன் பண்ணும் மகள் பண்ணுவதில்லை. இவள் பண்ணினால் எடுத்து, ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறாள். இதைச் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க வாசிச்சதுதானேய்யா. நீங்களே திருப்பி வாசிச்சிடுங்க. எம்மக ஒரு தடவ அம்மான்னு கூப்பிட்டா போதும்."

ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் ஏறியதும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். தையலக்கா சாகவில்லை, பிழை தன்னுடையது, இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள், திரும்பிப் பாருங்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள், அதுவும் பாவம் என்கிற பார்வை. செயலாளர் எழுந்து, ஐயா மனசு உடைந்துபோயிருக்கிறார், அவருக்காகக் கண்களை மூடி ஜெபிப்போம் என்றார். சபை முழுக்கக் கண்ணை மூடியது. முன்வரிசையில் அவர் மனைவியும்.

போதகருக்குக் கோபம் தலைக்கேறியது. இவர்களில் பாதிப் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே அவர்தான். தையலக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினால் எப்படிப் பார்க்காமல் போவார்கள், அதையும் பார்த்துவிடுவோம் என்று இறங்கி நடந்தார். திறந்திருந்தவை அவள் கண்கள் மட்டும்தான்.

"வராதீங்கய்யா" என்றாள் மெதுவாக.

உட்கார்ந்துவிட்டார். அவள் கை வெதுவெதுப்பாகவே இருந்தது. செயலாளர் போதகரின் பெயரைச் சொல்லி ஜெபித்து முடித்தார். ஆமென் என்று கண் திறந்தார்கள். மேடை காலியாக இருந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. செயலாளர் மேலே ஏறிப் பாட்டு எண்ணை அறிவித்தார். போதகர் தையலக்காவின் கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார். அவள் திரும்பினாள். அவள் பார்வை மூன்றாம் வரிசையைக் கடந்து வாசல்வரை போய், திரும்பி வந்தது. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினாள்.