வாத்து ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோ

ஸ்ரீநிவாஸ் சார் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். பிறகு கவிப்ரியாவைப் பார்த்தார்.

“ஒரு வாத்து தினம் ஒன்றரைக் கிலோ எச்சம் போடுதா? வாத்தோட எடையே அவ்வளவுதானேம்மா! தினமும் தன்னையே ஒரு தடவை போட்டுடுதா?”

“அப்படிப் போட்டாத்தான் வரைபடத்துல கோடு பொருந்துது சார்.”

“எண்ணை ஏத்திக்கிட்டே போனா என் மாமியாரைக்கூட அந்த ஏரிக்குப் பொருத்தலாம்.”

கவிப்ரியாவுக்குக் காது சுட்டது. பெரார்கஞ்ச் ஏரி எவ்வளவு கெடும் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்குதான் சாரிடம் அவள் செய்யும் ஆராய்ச்சி. வயல் உரம், சாக்கடை, மழை எல்லாம் சேர்த்தும் ஏரி சுத்தம் என்றது கணக்கு. பாட்டிலில் பிடித்து வந்த தண்ணீரிலோ, ஏரியைக் கெடுக்கும் பாஸ்பேட் எகிறியது. மீதிப் பழியை, கரையில் குடியிருக்கும் பேச்சியம்மாவின் வாத்துகள் மேல் போட்டாள். இந்தக் கணக்கு பஞ்சாயத்துக்குப் போனால் வாத்துகள் காலி. முட்டை விற்றுத்தான் பேச்சியம்மா வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்த முட்டைக் குழம்பை வாரம் தவறாமல் ருசித்தவள் கவிப்ரியா.

“போய் நிறுத்துப் பாரு,” என்றார் சார்.

தராசோடு வந்தவளைப் பார்த்துப் பேச்சியம்மா சிரித்தாள். “என்ன மேடம், வாத்து வாங்கவா?”

“இல்லக்கா. அது போடுறத நிறுக்கணும்.”

“அரே பாப் ரே! இதுக்கா உங்கள காலேஜுல படிக்க வைக்கிறாங்க?”

மறுநாள்வரை ஒரு வாத்தின் மேல் கூடையைக் கவிழ்த்து வைத்தார்கள். சேர்ந்தது ஒரு டீ கிளாஸ்கூட நிறையவில்லை. கவிப்ரியா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். வாத்து இல்லையென்றால், அத்தனை பாஸ்பேட்டும் எங்கிருந்து வந்தது?

“மூஞ்சியத் தூக்கி வைக்காதீங்க. வந்ததுக்குத் தண்ணி பிடிச்சிட்டுப் போங்க. பாட்டிலெல்லாம் சாஃபா கழுவி வச்சிருக்கேன்,” என்று பேச்சியம்மா வரிசையாகக் கொண்டுவந்து வைத்தாள். பாட்டில்கள் பளபளத்தன.

கவிப்ரியா நிமிர்ந்தாள். “எதுலக்கா கழுவுனீங்க?”

“சோப்புத்தூள்லதான். நல்லா ஊற வச்சு.”

“அப்புறம் நல்லா அலசினீங்கல்ல?”

“எங்க அலசுறது? குழாயில பானி மூணு நாளைக்கு ஒருக்கா வருது. ஒரு சொட்டு விட்டு ஒரு குலுக்கு, அவ்வளவுதான்.”

கவிப்ரியா கடையில் வாங்கிய குடிதண்ணீரை அந்தப் பாட்டிலில் ஊற்றி, சோதனை மருந்தை விட்டாள். பாஸ்பேட் இருந்தால் நீலமாகும். ஏரித் தண்ணீர் காட்டிவந்த அதே நீலத்தைக் குடிதண்ணீரும் காட்டியது. இத்தனை நாளும் அவள் அளந்தது சோப்புத்தூளை! “பாட்டிலைக் கொஞ்சம் கழுவி வைங்கக்கா” என்று விட்டுப்போனதும் அவளேதான்.

புதுப் பாட்டில்களில் பிடித்த தண்ணீர், வாத்தைச் சேர்க்காத முதல் கணக்குக்கு மிக அருகில் வந்து உட்கார்ந்தது. நிறுத்துப் பார்த்த வாத்தைச் சேர்த்ததும் இன்னும் நெருங்கியது. “இப்பதான் இது வாத்து,” என்று சார் கையெழுத்துப் போட்டார்.

கவிப்ரியா ஓடிவந்து சொன்னாள்: “வாத்துங்க இங்கேயே இருக்கலாம்க்கா! ஒரு வாத்துக்கு நூத்தம்பது கிராம்னுதான் எழுதியிருக்கேன்.”

பேச்சியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

“நூத்தம்பதா? படிக்கிறவங்க நான் வாத்துங்களப் பட்டினி போடுறேன்னு நெனைக்க மாட்டாங்களா? ஒரு இருநூறாவது போடுங்க மேடம்!”