தமிழ் எழுத்தில் ஒரு ஜப்பான் நோட்டு

சும்மா சொல்லக்கூடாது, ஜப்பானிய இலக்கணம் பொன்செல்விக்கு வந்தது போல் அந்த வகுப்பில் வேறு யாருக்கும் வரவில்லை. முதல் வாரம் ஜானவி டீச்சர் ‘தபெதே மிரு’ என்று இங்கிலீஷ் எழுத்தில் போர்டில் எழுதி, இங்கிலீஷ் கிராமர் பேரெல்லாம் சொல்லி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட்டுப் பாருன்னுதானே டீச்சர்?” என்றாள் பொன்செல்வி. “இதுல என்ன இருக்கு? அப்படியே நம்ம பேச்சுல்லா!”

வினை கடைசியில் வந்தது. நாம் ‘க்கு’ போடும் இடத்தில் அவர்கள் ‘நி’ போட்டார்கள், ‘இருந்து’ போடும் இடத்தில் ‘கரா’. பொன்செல்வி இரண்டு மாதத்தில் வாய் நிறையப் பேசினாள். தம்பானூரில் பேக்கரிக்கு மேலே நடந்த அந்த வகுப்பில் பதினான்கு பேர். எல்லோரும் ஜப்பான் முதியோர் இல்ல வேலைக்குப் படிப்பவர்கள். பாடம் புரியாதவர்கள் டீச்சரை விட்டுவிட்டு இவளிடம்தான் வந்தார்கள்.

முக்கியமாக ரோஸ். குளச்சல்காரி, பத்தொன்பது வயசு. “எக்கா, எனக்கு ஒரு எளவும் மண்டையில ஏற மாட்டேங்குது” என்று தினமும் அழுவாள். அழுதுகொண்டே நோட்டில் ஜப்பானிய எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவாள். அவளுக்கு அது ஒன்றுதான் முடிந்தது.

பொன்செல்வியின் நோட்டில் ஒரு ஜப்பானிய எழுத்து கிடையாது. கேட்டதையெல்லாம் கடகடவென்று தமிழில் எழுதி வைத்திருந்தாள். எழுத்தை வீட்டில் எழுதிப் படிக்கச் சொல்லித்தான் விட்டிருந்தாள் டீச்சர். இவளுக்கு நேரமேது? பகலெல்லாம் ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டில், கட்டிலோடு கிடக்கும் ஒரு பெரியவருக்கு ஹோம் நர்ஸ். மொழியே வந்துவிட்டது, எழுத்து என்ன பெரிய கொம்பா, ஒரு வாரத்தில் படித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அந்தத் தைரியம்தான் அவளைக் கெடுத்தது.

ஜப்பான் கம்பெனி முப்பது வயதுக்கு மேல் ஆள் எடுக்காது. பொன்செல்விக்குக் கார்த்திகையில் முப்பது முடிகிறது. மலைமேல் போனக்காட்டில், தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில், ஒழுகும் கூரைக்குக் கீழே அம்மா கோமதியம்மாள் இருக்கிறாள். இந்த வேலை கிடைத்தால் அம்மாவை அங்கிருந்து இறக்கிவிடலாம். கிடைக்காவிட்டால் அம்மாவுக்கும் அதே லயம், இவளுக்கும் அதே பெட்பேன்.

வேலைக்கான மொழிப் பரீட்சை கம்ப்யூட்டரில் நடந்தது. காதில் கேட்ட கேள்விக்கெல்லாம் மின்னலாய் விடை போட்டாள். திரையில் எழுத்து வந்ததும் கை நின்றுவிட்டது. கடைசி வாரம் அவசரத்தில் தின்ற நாற்பது ஐம்பது எழுத்தும் ஒன்றோடொன்று கலந்து குழம்பின. தோற்றுப்போனாள். ரோஸ் தட்டுத்தடுமாறிப் பாஸாகிவிட்டாள்.

இன்டர்வியூ அன்று வகுப்பை நடத்தும் ராஜையன் மலையாளம் கலந்த தமிழில் இவளைக் கூப்பிட்டார். “மோளே, நீ ஒண்ணு வந்து கூட இரு. அவங்க சொல்றது எனக்கு மனசிலாகாது. டீச்சருக்குப் பனி, காய்ச்சலாக்கும்.”

லேப்டாப் திரையில் ஆள் எடுக்கும் நடுவயது ஜப்பானியப் பெண் ஒருத்தி. முதல் ஆளாக உட்கார்ந்த ரோஸுக்கு வாய் கட்டிக்கொண்டது. பொன்செல்வி பொறுக்கமாட்டாமல் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தாள்.

“யார் அது?” என்றாள் அந்தம்மாள், ஜப்பானிய மொழியில். “முன்னால் வாருங்கள்.”

ரோஸ் எழுந்து இடம் விட, முன்னால் வந்து உட்கார்ந்தாள். படுக்கையில் இருப்பவரை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பீர்கள் என்று கேட்டாள் அந்தம்மாள். பொன்செல்வி சொன்னாள். முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், கையைச் சூடாக்கிக்கொள்வேன், பிறகுதான் தொடுவேன் என்றாள். அந்தம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பரீட்சையில் தோற்றதையும் வயதையும் பொன்செல்வி மறைக்கவில்லை.

“அடுத்த பரீட்சைவரை உங்களுக்கு ஒரு இடம் ஒதுக்கி வைக்கிறேன். வயது விஷயத்தை மேலே நான் பேசிக்கொள்கிறேன். இதை மட்டும் படித்துக் காட்டுங்கள்” என்று அந்தம்மாள் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தாள். யாருக்கு எந்த மருந்து கொடுத்தது என்று இல்லத்தில் தினமும் எழுதும் தாள் அது.

பொன்செல்வி திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். முதல் வரியில் ஒரு எழுத்து தெரிந்தது. அதற்கடுத்து ஒன்றும் தெரியவில்லை. ஐயோ, ஒரு மாதம், தினம் ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதுமே! ரோஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யோமெமஸென்” என்றாள் பொன்செல்வி. படிக்க வராது என்று அர்த்தம். பிசிறில்லாத உச்சரிப்பு, பணிவான முடிவு, இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

அந்தம்மாள் தாளை மெல்ல இறக்கினாள். தலை குனிந்து நீளமாகப் பேசினாள்.

“என்னா பறையுது மோளே?” என்றார் ராஜையன்.

“நல்லா பேசுறேனாம் சார்” என்றாள் பொன்செல்வி. “மருந்துத் தாள் வாசிக்கத் தெரியாத ஆள எடுக்க முடியாதாம். ரோஸ உட்காரச் சொல்லுது.”